மாமாவின் கண்

என் தாய்மாமா முத்துக் குளித்தவர். திரேஸ்புரத்தில் வீடு. 1955 முதல் 1961 வரை நம் ஊரில் வருஷா வருஷம் சலாபம் நடந்ததே, அதில் கல்லைக் கட்டி இறங்கியவர்களில் அவரும் ஒருவர். 1961 சலாபம்தான் கடைசி. அதற்குப் பிறகு பாரில் முத்துச்சிப்பி விளைவது சரியாக இல்லை என்று சலாபம் நின்றுவிட்டது. மாமா சங்கு குளிக்கப் போனார். உடம்பு ஒத்துழைக்காத வயதில் கரையில் உட்கார்ந்து வலை பின்னினார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு படம். அதை எடுத்தவன் நான். கெடுத்தவனும் நான்.

1972 சித்திரை மாதம். கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு அக்ஃபா கிளிக் 3 வாங்கியிருந்தேன். பரோடாவில் செய்த கேமரா. 120 பிலிம் போட்டால் பன்னிரண்டு சதுரப் படம் விழும். என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் வீட்டில் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, மூன்று மணி வாக்கில், மாமாவைப் பழைய துறைமுகத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை போடச் சொன்னேன். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். பின்னால் கொழும்புக்குப் போகும் தோணிகள் கட்டிக் கிடந்தன. "நேரா பாருங்க மாமா, அசையாதீங்க" என்றேன். கடலுக்கடியில் ஒரு நிமிஷம் போல மூச்சடக்கிக் கிடந்து பழகியவர். அசையவில்லை.

படம் வந்தது. மாமாவின் கண் இரண்டும் இரண்டு கோடு. மேற்கே சாய்ந்த வெயில் நேரே முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ திட்டு வாங்கியவர் போல நிற்கிறார். அவர் உச்சந்தலையிலிருந்து ஒரு தோணியின் பாய்மரம் முளைத்து வானத்துக்குப் போகிறது. பார்த்துவிட்டு மாமா சிரித்தார். "நல்லாத்தாம்ல இருக்கு" என்றார். நானும் அடுத்த ரோலில் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விட்டது விட்டதுதான். 1979இல் போய்ச் சேர்ந்தார்.

ஏன் அப்படி நிறுத்தினேன் என்று ஓய்வு பெற்ற பிறகு யோசித்துப் பார்த்தேன். யோசிக்க நேரம் கிடைத்ததே அப்போதுதான்.

அந்தக் காலத்தில் கேமரா வாங்கிய எவருக்கும் முதலில் சொல்லித்தந்த பாடம் ஒன்றுதான்: சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இது கோடக் கம்பெனி காலத்திலிருந்து வருகிற பாடம். 1888இல் அவர்கள் சுருள் பிலிம் கேமராவை விற்க ஆரம்பித்தார்கள். 1900இல் பிரௌனி என்ற பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சின்னக் கண்ணாடிக்கும் மந்தமான பிலிமுக்கும் நல்ல வெயில் இல்லாமல் படம் விழாது. அதனால் அப்படிச் சொன்னார்கள். பெட்டிக்குச் சௌகரியமான விதி அது. எதிரே நிற்கிற மனுஷனுக்குச் சௌகரியமா என்று யார் கேட்டார்கள்? எடுப்பவன் முதுகில் படுகிற வெயில் நிற்பவன் கண்ணில்தான் போய் விழும். பழைய வெளிப்புறப் படங்களில் நம் பாட்டன் பூட்டன்மார் எல்லாரும் கோபக்காரர்களாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அதற்கும் முந்தைய காலம் இன்னும் மோசம். 1851இல் வந்த கொலோடியன் முறையில், கண்ணாடித் தட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து அங்கேயே கழுவ வேண்டும். பல விநாடி அசையாமல் நிற்க வேண்டும். ஸ்டுடியோவில் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்துத் தலையைப் பிடித்து வைப்பார்கள். அந்தத் தட்டுகளுக்கு நீலம்தான் தெரியும், சிவப்பு தெரியாது. நீல வானம் வெள்ளைத்தாளாக வெளிறிவிடும். சிவப்பும் பழுப்பும் கலந்த நம் ஆட்களின் நிறம் உண்மையில் இருப்பதைவிடக் கறுத்து விழும். 1873இல் வோகல் என்ற ஜெர்மன்காரர் சாயம் சேர்த்து அந்தத் தட்டுகளுக்கு வேறு நிறங்களையும் காணச் சொல்லிக்கொடுத்தார். எல்லா நிறமும் காணும் தட்டு கடைக்கு வர 1906 ஆனது. ஆக, அதற்கு முன்னால் எடுத்த படங்களில் நம் கடற்கரை ஆட்கள் நிழல் போலத் தெரிந்தால் அது அவர்கள் நிறமல்ல, தட்டின் குறை.

நம் ஊருக்கு வந்தவர்களில் எட்கர் தர்ஸ்டனைச் சொல்லியாக வேண்டும். 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைவராக இருந்தவர். 1889 சலாபத்துக்குத் தூத்துக்குடி வந்து பார்த்தார். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளிப்பைப் பற்றி எழுதினார். பிறகு 1909இல் ரங்காச்சாரி என்பவர் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். எவ்வளவோ செய்திகளைச் சேர்த்து வைத்த மனிதர், மறுக்கவில்லை. ஆனால் ஆட்களைப் படம் பிடிப்பதில் அந்தக் காலத்து ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு முறை இருந்தது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மூக்கையும் மண்டையையும் அளந்து குறித்துக்கொள்ள வசதியாக. படத்துக்குக் கீழே சாதிப் பெயர் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. வயநாட்டில் பணியர் பெண்கள் தர்ஸ்டனைக் கண்டதும் ஓடினார்களாம். நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்து, உள்ளே பஞ்சடைத்து, மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்ற பயம். இதை எழுதி வைத்தவர் தர்ஸ்டனேதான். அவருக்கு அது வேடிக்கை. எனக்கென்னவோ அந்தப் பெண்கள் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், படமே இல்லாத குறை. பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதிக்கே நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்து படங்கள்தான் என்கிறார்கள். அப்படியிருக்க, கயிற்றைப் பிடித்துக் கடலில் இறங்கியவர்களுக்கு யார் எடுத்து வைத்திருக்கப் போகிறார்கள்?

நம் தோணிகள் போய்வந்த கொழும்புக்குத் தெற்கே பத்துக் காதத்துக்கும் குறைவான தூரத்தில் களுத்துறை இருக்கிறது. அங்கே நடந்த ஒரு கதையைப் படித்தபோதுதான் என் தப்பு எனக்கு முழுசாக விளங்கியது.

ஜூலியா மார்கரெட் கேமரூன் என்ற அம்மையார் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் கொடுத்த கேமராவை வைத்துப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். நம்மைப் போன்ற கிழடுகள் கவனிக்க வேண்டிய விஷயம். இங்கிலாந்தில் கண்ணாடி வேய்ந்த ஒரு கோழிக்கூண்டுதான் அவருடைய ஸ்டுடியோ, கரி போட்டு வைக்கும் அறைதான் இருட்டறை. ஒரு பக்கமாக மட்டும் வெளிச்சத்தை விட்டு, ஆளுக்குப் பக்கத்தில் போய், முகம் மட்டும் தட்டு நிறைய வரும்படி எடுப்பார். சில படங்களுக்கு நிமிஷக் கணக்கில் உட்கார வேண்டும். கலங்கலாக இருக்கிறது என்று அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் கேலி செய்தார்கள். இன்று கேலி செய்தவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

1875இல் அவர் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்துவிட்டார். களுத்துறை வீட்டில் அக்கம்பக்கத்து ஏழை ஜனங்களைப் படம் எடுத்தார். அதில் மிஞ்சியவை முப்பதுக்குள்தான். ஒரு படத்தின் கீழே அவரே எழுதியிருக்கிறார்: இந்தப் பெண்ணுக்கு வயது பன்னிரண்டு, கிழவர் தன்னை அவள் தகப்பன் என்கிறார், தனக்கு வயது நூறு என்கிறார். அந்தக் கணக்கை நம்பினாரோ இல்லையோ, கிழவர் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறார். தர்ஸ்டன் கூட்டத்தாரின் படங்களில் இந்த ஒரு வரி கிடைக்காது.

1877இல் மரியான் நார்த் என்ற ஓவியப் பெண்மணி அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். உலகமெல்லாம் சுற்றிச் செடி கொடிகளை வரைந்தவர். லண்டன் கியூ தோட்டத்தில் அவர் ஓவியங்களுக்கென்றே தனிக் கூடம் இருக்கிறது. வந்தவரைக் கேமரூன் விடவில்லை. கம்பளிச் சால்வையைப் போர்த்திவிட்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தென்னை ஓலைக்கு முன்னால் நிறுத்திவிட்டார். உச்சிவெயில். ஓலை தலையில் குத்துகிறது, இலை இடுக்கு வழியே வெயில் கண்ணில் பாய்கிறது, உடம்பெல்லாம் புழுங்குகிறது, ஆனால் இயல்பாக நிற்க வேண்டுமாம்! நார்த் தன் வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதிவிட்டார். இன்னொன்றும் எழுதியிருக்கிறார். உள்ளூர் ஆள் ஒருவனின் முதுகழகில் கேமரூன் மயங்கி, அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனைப் பிடிவாதமாகக் கேட்டாராம். வீட்டில் தோட்டமே கிடையாது.

சிரித்துக்கொண்டே படித்து வந்தவன் ஓலை தலையில் குத்திய இடத்தில் நிறுத்திவிட்டேன். தலைக்குப் பின்னால் ஓலை, கண்ணில் வெயில். மாமாவுக்கு ஓலைக்குப் பதில் பாய்மரம், அவ்வளவுதான். கோழிக்கூண்டுக்குள் வெளிச்சத்தை அடக்கி ஆண்ட அம்மையாருக்கே நம் பக்கத்து வெயில் இப்படி ஆட்டம் காட்டியிருக்கிறது. ஒரு வித்தியாசம். நார்த் அம்மையாருக்குப் பேனா இருந்தது, புகார் எழுதினார். களுத்துறைக் கிழவரும் பணியர் பெண்களும் எங்கள் மாமாவும் படம் எடுத்தவர்களைப் பற்றி எதுவும் எழுதி வைக்கவில்லை.

நம் கரைக்கென்று சில கணக்குகள் உண்டு. நமக்குக் கடல் கிழக்கே. காலையில் சூரியன் கடல்மேல் வரும். கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர் முகம் அப்போது நிழலில் இருக்கும், சுற்றிக் கிடக்கிற வெள்ளை மணலோ தாடைக்குக் கீழிருந்து வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுக்கும். மணல் தருகிற அந்த வெளிச்சத்துக்கு ஸ்டுடியோவில் காசு கொடுக்க வேண்டும். உப்பளத்து அம்பாரம் பக்கத்தில் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். கண் தானாகத் திறந்திருக்கும். சாயங்காலம் எல்லாம் தலைகீழ். ஆகவே மூன்று மணிக்குக் கடலைப் பின்னால் வைத்து எடுத்தது முதல் மடத்தனம்.

இரண்டாவது, கடல் முடிகிற கோடு. நீங்கள் கேமராவை எந்த உயரத்தில் பிடிக்கிறீர்களோ அந்த உயரத்தில்தான் அந்தக் கோடு வந்து நிற்கும். உங்கள் உயரமே உள்ள ஆளை நின்றபடி எடுத்தால் கோடு அவர் கண்ணிலோ கழுத்திலோ கத்தி மாதிரி விழும். தரையில் உட்கார்ந்து எடுங்கள், இடுப்புக்கு இறங்கிவிடும். தலை சுத்தமாக வானத்தில் நிற்கும். பாய்மரத்துக்கு வைத்தியம் இன்னும் எளிது, எடுப்பவன் இரண்டடி நகர்ந்தால் போதும். இரண்டடி. அன்றைக்கு நான் நகரவில்லை.

மூன்றாவதாக, "அசையாதீங்க" என்ற சொல். ஈரத் தட்டு போய் நூறு வருஷம் ஆகியும் அந்தச் சொல் நம் வாயை விட்டுப் போகவில்லை. கையில் வேலை இருந்தால் மனுஷன் தன்னால் சரியாக உட்காருவான். மாமா கையில் வலையும் ஊசியும் இருந்த நாள் எத்தனை! அப்போதெல்லாம் கேமரா அலமாரியில் பூட்டிக் கிடந்தது, பிலிம் விலையை நினைத்து.

மாமா போனதும் அந்தச் சதுரப் படத்தைப் பெரிதாக்க ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். பாய்மரத்தை அழித்துவிட்டார்கள். கண்ணும் சரியில்லை என்று பென்சிலும் மையும் வைத்து அழகாக இரண்டு கண் வரைந்து கொடுத்தார்கள். அந்தக் காலத்து வழக்கம்தான், அவர்கள்மேல் குற்றமில்லை. மாமி அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏ மருமவனே, இது யாரு கண்ணு?" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை மாட்டினோம், மாலை போட்டோம்.

1984இல் ஒரு நாள் காலை ஏழரை மணி இருக்கும். கேமராவோடு போயிருந்தேன். மாமி வீட்டுத் திண்ணையில், ஓலைத் தாழ்வாரத்து நிழலில், முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முற்றத்து மணலில் விழுந்த வெயில் அவள் முகத்தை ஒரு பக்கமாகத் தொட்டது. பின்னால் சுண்ணாம்புச் சுவர், வேறு ஒன்றுமில்லை. நானும் எதிரே தரையில் உட்கார்ந்து, 1961 சலாபத்தைப் பற்றி ஏதோ கேட்டேன். பதில் சொல்ல நிமிர்ந்தாள். எடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பிரின்ட் கொண்டு கொடுத்தேன். முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். சுவரில் மாமா இருந்த பக்கம் ஒரு தரம் திரும்பினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "அவுகளையும் இங்கனயே உக்கார வச்சி எடுத்திருக்கலாம்லா."