அற்புத மருந்தின் மறுபக்கம்

சில காலத்திற்கு முன் எனது வலது கண் சிவந்து, வெளிச்சத்தைக் கண்டாலே கூசியது. கதிராளியில் அழற்சி என்று கூறிய கண் வைத்திய நிபுணர், ஸ்டீரோயிட் சொட்டு மருந்து தந்தார். குணமான பின், எஞ்சியதை இன்னொரு முறைக்கு வைத்திருக்கலாமா என்று கேட்டேன். "கூடாது, எறிந்துவிடுங்கள்" என்றார். அந்த மறுப்பின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

கதிராளி அழற்சிக்கு முன்னர் அத்ரோப்பின் சொட்டும் ஒத்தடமுமே பெரும் துணை. தைபோயிட் தடுப்பு மருந்தை நாளத்தில் ஏற்றி, வேண்டுமென்றே காய்ச்சலை வரவழைத்த வைத்தியமும் இருந்தது. 1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிய ஒரு பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் கோர்ட்டிசோன் ஏற்றினார். சில நாட்களில் அப்பெண் எழுந்து நடந்தார். ஹென்ச், கென்டல், ரைக்ஸ்ரைன் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே காலத்தில் கண் மருத்துவமும் இம்மருந்தை ஏற்றுக்கொண்டது. என் தொழிலைச் சேர்ந்தோர் அதனை 'அற்புத மருந்து' எனத் தலைப்பிட்டனர்.

அழற்சி உடலின் தற்காப்பே. புரொஸ்டகிளாண்டின் போன்ற இரசாயனங்கள் குருதிக் குழாய்களை விரித்துக் கசியச் செய்கின்றன. வெண்குருதிக் கலங்கள் திரள்கின்றன. காலில் வீக்கம் வந்தால் வடிந்துவிடும். தெளிவே உயிரான கண்ணிலோ, கதிராளி வில்லையோடு ஒட்டிப் பார்வையே பாழாகலாம். ஸ்டீரோயிட் கலங்களினுள் புகுந்து, கருவிலுள்ள பரம்பரை அலகுகளின் செயற்பாட்டை மாற்றி, அந்த இரசாயனங்களின் உற்பத்தியை ஒடுக்குகிறது. கிருமியை அது கொல்வதில்லை. தற்காப்பைத் தணிக்கிறது, அவ்வளவே.

ஆபத்தும் அங்கேதான். ஹேர்ப்பிஸ் வைரசினால் சிவந்த கண்ணில் இதனை இட்டால், காவலற்ற வீட்டில் கள்வன் புகுந்த கதைதான். 1954இல் பெல்ஜிய மருத்துவர் ஜூல்ஸ் பிரான்சுவா, கோர்ட்டிசோன் சொட்டு கண்ணின் அழுத்தத்தை உயர்த்துவதை எடுத்துரைத்தார். நீண்ட நாள் ஸ்டீரோயிட் உட்கொண்டோரிடம் கண்புரை உண்டாவது 1960இல் வெளியாயிற்று. வாரக்கணக்கில் சொட்டு இட்டால் ஏறக்குறைய மூன்றிலொருவருக்கு அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு உயரும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அந்த உயர்வு பெரும்பாலும் வலிப்பதில்லை. பார்வை நரம்பு நலிந்த பின்னரே தெரியவரும்; இழந்த பார்வை திரும்பாது.

ஆகவேதான் அழுத்தத்தை அளந்து அளந்து, சொட்டுகளைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். திடீரென நிறுத்தினால் அழற்சி மீண்டும் மூளலாம். எல்லாச் சிவப்பும் ஒரே நோயல்ல. சென்ற முறை என் கண்ணைக் காத்த போத்தலே அடுத்த முறை அதைக் கெடுத்திருக்கக்கூடும். அன்றே அதை எறிந்துவிட்டேன். உங்கள் அலுமாரியிலும் அப்படியொன்று இருக்கிறதா என்று பாருங்கள்.