தடித்த செப்புச் சுற்றுப்பலகை
தடித்த செப்புச் சுற்றுப்பலகை என்பது மிகுந்த மின்னோட்டத்தையும் வெப்பத்தையும் தாங்கும் அச்சுச் சுற்றுப்பலகை ஆகும். வியன்னாவில் பிறந்த பால் ஐசுலர் 1943-இல் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த செப்புத்தகட்டு முறை வானொலி போன்ற சிறு மின்னோட்டக் கருவிகளுக்கே ஏற்றதாக இருந்தது. அண்ணாமலை நகரில் பொறியியல் புலம் தொடங்கிய 1945-இலும், அதே கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய 1962-இலும் பெருமின்னோட்டம் உலோகப் பட்டைகளின் வழியே சென்றது. குறைகடத்திகள் மின்திறனைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய பின்னரே பலகையில் செம்பு தடித்தது.

ஒரு சதுர அடியில் ஓர் அவுன்சு செம்பைப் பரப்பினால் தடிப்பு 35 மைக்ரோமீட்டர். பொதுவாக 3 அவுன்சு, அதாவது 105 மைக்ரோமீட்டர் முதல் தடித்த செம்பு எனப்படுகிறது. ஆனால் தடிப்பு மட்டும் போதாது. அரிப்புக் கரைசல் பக்கவாட்டிலும் தின்பதால் தடங்களுக்கிடையே கூடுதல் இடைவெளி வேண்டும். சூடேறும்போது கண்ணாடியிழைப் பலகை தடிப்புத் திசையில் செம்பைவிடப் பன்மடங்கு விரியும்; துளைச்சுவரின் செப்புப்பூச்சு அங்கேதான் விரிசலுறும்.