அரைப்படியும் பசுமைப் புரட்சியும்

1968 மார்ச் 8 அன்று வாஷிங்டனில் ஒரு கூட்டம். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்குத் தலைவராயிருந்த வில்லியம் காட் பேசுகிறார். ஆசிய நாடுகளின் வயல்களில் நடப்பது ஒரு புரட்சி. சோவியத்தின் சிவப்புப் புரட்சி போன்றதல்ல, இரான் ஷாவின் வெள்ளைப் புரட்சி போன்றதுமல்ல. இதைப் பசுமைப் புரட்சி என்று அழைக்கிறேன் என்கிறார். பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் விதையைப் பார்த்து மட்டும் வைத்த பெயர் அல்ல, சிவப்புக்கு மாற்றாக வைத்த பெயர் என்பதை நாம் மறந்துபோனோம்.

அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 தலித்துகள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். இரண்டையும் முடிச்சுப்போட்டு 'அதனால் இது' என்று சொல்ல வரவில்லை. வரலாறு அவ்வளவு நேர்கோடு கிடையாது. ஆனால் இந்தியாவில் நவீன விவசாயத்துக்கென்று முதன்முதலில் பொறுக்கி எடுத்த ஏழு மாவட்டங்களில் ஒன்று தஞ்சாவூர். இது தற்செயல்தானா என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

நம்மிடையே பசுமைப் புரட்சி குறித்து இரண்டு கதைகள் புழங்குகின்றன. ஒன்று அரசின் கதை: அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் கையேந்தி நின்ற நாடு தன் காலில் நின்றது. மற்றது நம் நண்பர்கள் பலரின் கதை: வீரிய விதையும் உப்பும் பூச்சிமருந்தும் வந்து மண்ணைக் கெடுத்தன, ஆயிரமாண்டு நெல் ரகங்கள் அழிந்தன. இரண்டிலும் உண்மை இருக்கிறது. 1965, 66 வறட்சியில் பசி நிஜம். மண் கெட்டதும் நிஜம். ஆனால் முதல் கதையில் டன் கணக்கு பேசுகிறது, இரண்டாவதில் மண் பேசுகிறது. சேற்றில் குனிந்து நின்றவள் எதிலும் பேசவில்லை.

அவள் இடத்திலிருந்து பார்த்தால் 'மரபான வேளாண்மை' என்ற சொல்லே வேறுமாதிரி ஒலிக்கும். தஞ்சையின் மரபான வேளாண்மை என்பது பண்ணையாள் முறை. மிராசுக்கும் மடத்துக்கும் கோயிலுக்கும் நிலம், தலித்துக்குச் சேரியும் வேலையும். மீறினால் சாட்டையடி, சாணிப்பால். தொழு உரமும் கிச்சிலிச் சம்பாவும் இருந்த காலம்தான் அது. 1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம்தான் சாட்டையையும் சாணிப்பாலையும் நிறுத்தியது. எந்த விதையும் நிறுத்தவில்லை.

1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான நிலத்துக்கு, மேல் வைத்திருப்பவர்களுக்கே அது பொருந்தும். நிலத்தைப் பிரித்து எழுதிக்கொள்வதும் பண்ணையாளை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் வைப்பதும் நடந்தன. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை, கூடவே நிரந்தர வேலையிலிருந்தும் விடுதலை. விதை வருவதற்கு முன்னாலேயே நவீனம் கூலிச் சந்தையாக வந்து இறங்கியிருந்தது.

அதற்கு மேல்தான் 'பேக்கேஜ்' வந்தது. 1959இல் ஃபோர்டு அறக்கட்டளை ஏற்பாட்டில் வந்த நிபுணர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றி அறிக்கை தந்தது. 1960-61இல் தீவிர விவசாய மாவட்டத் திட்டம் தொடங்கியது. தஞ்சாவூர், மேற்கு கோதாவரி, ராய்ப்பூர், ஷாஹாபாத், அலிகார், லூதியானா, பாலி: ஏழு மாவட்டங்கள். தண்ணீர் நிச்சயமாக உள்ள இடங்களில் பணத்தைக் கொட்டினால் விளைச்சல் சீக்கிரம் ஏறும் என்பது தர்க்கம். நல்ல விதை, உரம், பூச்சிமருந்து, கூட்டுறவுக் கடன், கருவி, ஆலோசனை, விற்பனை வசதி எல்லாம் சேர்ந்து ஒரு தொகுப்பு. ஒன்றை விட்டால் மற்றது பலிக்காது என்று அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள்.

தொகுப்பில் என்ன இருந்தது என்பதைவிட என்ன இல்லை என்பதே நமக்கு முக்கியம். நிலம் இல்லை. கூலி இல்லை. 1961இன் நில உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை அனுமதித்தது, விலக்குகள் வேறு. 1970இல்தான் அது 15 ஆயிற்று. கடன் வேண்டுமென்றால் பட்டா காட்ட வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்காரனிடம் எழுத்தே கிடையாது. குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டமே 1969இல்தான் வருகிறது. ஆக, தொகுப்பு யார் வீட்டு வாசலில் இறங்கும் என்பது இறங்குவதற்கு முன்னாலேயே தீர்மானமாகிவிட்டது.

1960களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. ஜப்பானிய நெல்லும் நம் ஜி.இ.பி. 24உம் கலந்த ரகம். சுமார் 105 நாள் வயது, குறுவைக்கு ஏற்றது. குறுவை பரவப் பரவ ஐப்பசி மாதம் ஒரு புதுச் சிக்கல். குறுவையை அறுக்க வேண்டும், அறுத்த கையோடு தாளடி நட வேண்டும், வடகிழக்குப் பருவமழையோ தலைக்கு மேல் நிற்கிறது. நாலு நாள் தள்ளினால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். அதுவரை மிராசுக்காகக் காத்துக்கிடந்த ஆளுக்காக இப்போது மிராசு காத்திருக்கணும். விதை தயாரித்தவர்கள் யாரும் நினைக்காத ஒன்று நடந்தது: அந்தச் சில வாரங்களுக்குக் கூலிக்காரிக்குப் பேரம் பேசும் பலம் கிடைத்தது.

அவர்கள் கேட்டது கலத்துக்கு அரைப்படி. செங்கொடிச் சங்கத்தின் வழியாகக் கேட்டார்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் சேர்ந்தார்கள். இந்தப் பெயரைக் கவனிக்க வேண்டும். நட்டவளும் அறுத்தவளும் உற்பத்தியாளர் இல்லை. பத்திரம் வைத்திருப்பவர் உற்பத்தியாளர். திட்டத்தின் மொழியும் இதேதான்: 'விவசாயி' என்றால் நிலம் உள்ளவன். வெளியூர் ஆளை இறக்கி அறுப்பது என்று மிராசுதார்கள் முடிவெடுக்க, உள்ளூர் ஆட்கள் மறிக்க, மோதல் முற்றியது. கிசான் போலீஸ் என்று தனிப்படை வந்தது. அதே காலத்தில், 1967இல், திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஈர நெல்லைக் கையாளும் வழியை ஆராய ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியது. நெல் நனைந்ததற்கு ஆய்வுக்கூடம், கூலி கேட்டதற்கு போலீஸ். ஒரு திட்டம் எதைப் பிரச்சினையாகப் பார்த்தது, எதைத் தொந்தரவாகப் பார்த்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வெண்மணிக்குப் பிறகு கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 44 உயிர் கொடுத்த பிறகுதான் அந்தச் சட்டம் கிடைத்தது. 1970இல் குட்டைக் கோதுமை தந்த நார்மன் போர்லாக்குக்கு அமைதிக்கான நோபல் பரிசு. கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற வெண்மணி மிராசுதார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. பெரிய நிலக்காரர்கள், கார்கூட வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்பது தீர்ப்பின் சாரம். கார் நவீனத்தின் அடையாளம் இல்லையா? அது சாட்சி சொல்லிவிட்டது.

வெண்மணி கூலிப் பிரச்சினையா சாதிப் பிரச்சினையா என்ற சண்டை தோழர்களிடையே இன்றும் ஓயவில்லை. நவீன விவசாயத்தின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் கேள்வியே கொஞ்சம் மாறிப்போகிறது. மகசூல் ஏறும் காலத்தில் அரைப்படி கொடுத்தால் மிராசு குடிமுழுகிப் போய்விடாது. வடிகால் மோசமான கடைமடைக்கு மேற்குப் பகுதி அளவுக்குப் பலன் போய்ச் சேரவில்லை என்பது சரிதான். அப்போதும் அரைப்படிக்காக ஊரைக் கொளுத்த வேண்டிய கணக்கு எங்கேயும் வராது. கணக்குக்கு வெளியே இருந்தது என்ன? சேரிக்காரன் கேட்கிறான் என்பது. கொடி நட்டுக் கேட்கிறான் என்பது. கூலியின் அளவை நிர்ணயித்தது சந்தை மட்டுமல்ல, சாதியும்தான். ஆகவே கூலி கேட்பதே சாதியை மீறுவதாகிவிட்டது. உற்பத்திச் சக்திகள் வளர்ந்தால் பழைய உறவுகள் தாமாக உடையும் என்று நம் பாடப்புத்தக மார்க்சியம் எதிர்பார்த்தது. தஞ்சையில் பழைய உறவுக்கும் சேர்த்தே உப்பு போட்டார்கள். அதுவும் நன்றாகத்தான் விளைந்தது.

இன்று டெல்டாவில் அறுவடை இயந்திரங்கள் ஓடுகின்றன. ஐப்பசி மழைக்கு முன்னால் ஆளுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். தொழில்நுட்பம் தவறிப்போய்க் கையில் கொடுத்த பேரம் பேசும் பலத்தைத் தொழில்நுட்பமே திரும்ப வாங்கிக்கொண்டது; அரைப்படி கேட்டு வாங்கிய அறுப்புக் கூலியும் பல ஊர்களில் அதோடு போயிற்று. 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. நல்லது. நிலம் பாதுகாக்கப்படட்டும். அந்த நிலத்தில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியை அந்தச் சட்டம் தொடவில்லை.

இயற்கை வேளாண்மை பேசும் நண்பர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் மீட்டெடுக்கும் நெல் ரகங்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது, மகிழ்ச்சி. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் வரட்டும். ஆனால் களையெடுக்க வருபவளுக்கு என்ன கூலி, அவளுக்குச் சொந்தமாக எவ்வளவு நிலம் என்ற இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அதுவும் ஒரு பேக்கேஜ்தான். பை மட்டும் சணலில் இருக்கும்.