ஆடியோ ஸ்டூடியோக்களில் ‘மெயின்டனன்ஸ்’ ஆட்கள் குறைந்தது ஏன்?

திண்டுக்கல் பக்கம் 100.5-ல் கொடைக்கானல் பண்பலை கேட்காதவர் யார்? ஆனால் வானொலியிலும் பாடல் பதிவுக்கூடங்களிலும் ஒரு காலத்தில் எல்லாமே ஸ்பூல் டேப்தான். அந்த மெஷின்களைக் கவனிக்கவே தனி ஆள் இருந்தார். இப்போது அந்த வேலை அரிதாகிவிட்டது.

என்ன செய்தார்கள்?

ரெக்கார்டிங்குக்கு முன் டேப் ஹெட்டை ஆல்கஹாலால் துடைத்து, அதில் தங்கிய காந்தத்தை நீக்குவார்கள். டெஸ்ட் டேப் ஓடும்போது, 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு மீட்டர் முள் பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்து, ஹெட் சாயாமல் இருக்கிறதா என ஆசிலோஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

என்ன மாறியது?

1991-ல் புரோ டூல்ஸ் வந்தது. பதிவு மெல்ல மெல்ல கம்ப்யூட்டருக்குப் போனது. அங்கே துடைக்க ஹெட் இல்லை, திருக ஸ்க்ரூ இல்லை. பழுதானால் பெரும்பாலும் போர்டையே மாத்திடுவாங்க. லேப்டாப், மைக், இன்டர்ஃபேஸ் இருந்தால் சின்ன ஊரிலும் ஸ்டூடியோ ரெடி.

மிச்சம் என்ன?

ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் எர்த்திங், கேபிள், பவர் சப்ளை மூன்றையும் பார்க்க வேண்டும். அதற்கு இன்றும் மல்டிமீட்டரும் விஷயம் தெரிந்த ஆளும் தேவை.

ஏன் கவலை?

பழைய டேப்பை டிஜிட்டலாக்கும்போது ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கூர்மையான ஒலிகள் மங்கிவிடும். அந்த மங்கலோடுதான் காப்பி பதிவாகும். அதற்குள் டேப்பும் கெட்டுவிட்டால், அந்தக் குரலை மறுபடி தெளிவாகக் கேட்க வழியில்லை.