கடலோர வெளிவிளக்குகள்

கடற்கரைச் சாலை, மீன்பிடி இறங்குதளம், துறைமுகம், பாலம் ஆகிய இடங்களில் உப்புக்காற்றைத் தாங்கி எரிய வேண்டியவை கடலோர வெளிவிளக்குகள். வாங்குவோர் பெரும்பாலும் வாட், வெளிச்சம், ஐபி எண் (தூசி, நீர் தடுப்புத் தரம்) ஆகிய மூன்றையே பார்க்கிறார்கள். இவை விளக்கின் திறனைச் சொல்லும். அது எத்தனை ஆண்டு நிற்கும் என்று இவை சொல்வதில்லை. அதைத் தீர்மானிப்பவை உலோகமும் மேற்பூச்சும். அவற்றைவிடவும் முக்கியமாக, திருகு, கேஸ்கெட், கேபிள் நுழைவாய் போன்ற இணைப்புகள்.

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கன்னிவாடியில் நடும் கம்பத்தையும் கடல் சூழ்ந்த பாம்பனில் நடும் கம்பத்தையும் ஒப்பிட்டால் இது விளங்கும். ஐஎஸ்ஓ 9223 தரநிலை, காற்று உலோகத்தை அரிக்கும் வேகத்தை சி1 முதல் சிஎக்ஸ் வரை ஆறு வகைகளாகப் பிரிக்கிறது. மாசு குறைந்த உள்நாட்டு ஊர்களுக்குரிய சி2 வகையில் துத்தநாகம் ஆண்டுக்கு அதிகபட்சம் 0.7 மைக்ரான் தேயும். உப்பு மிகுந்த கரைக்குரிய சி5 வகையில் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை தேயும். ஆகவே 70 மைக்ரான் கால்வனைஸ் பூச்சு கன்னிவாடியில் கணக்குப்படி குறைந்தது 100 ஆண்டு நிற்கும். கரையில் 8 முதல் 17 ஆண்டுக்குள் போய்விடும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது; அதிலுள்ள குளோரைடு உலோகத்தின் பாதுகாப்புப் படலத்தைத் துளைக்கிறது. காரைக்குடியில் 1953இல் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கடலோர ஊரான மண்டபத்தில் அரிமான ஆய்வு மையம் வைத்திருப்பது இதனால்தான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில் பாலிசிலாக்சேன் பூச்சோடு, முழுவதும் பற்றவைத்த இணைப்புகளும் அமைந்தன. விளக்கு வாங்குவோருக்கு இணைப்புகளைப் பற்றிய அந்தத் தகவலே நல்ல பாடம்.

ஐபி 66 என்றால் தண்ணீரே புகாதே, பிறகென்ன என்று கேட்கலாம். அந்தச் சோதனை தூசியும் நன்னீரும் கொண்டு நடப்பது. உப்பரிப்பை அது அளப்பதே இல்லை. மேலும், எரிந்து சூடான விளக்கின்மேல் திடீரென மழை பெய்தால் உள்காற்று சுருங்கி, தளர்ந்த கேஸ்கெட் வழியே ஈரத்தை உறிஞ்சும். அழுத்தத்தைச் சமன்செய்யும் காற்றுத்துளை உள்ள விளக்கே இங்கே ஏற்றது. உடல் அலுமினியமானால் செம்பு குறைந்த எல்எம்6 வார்ப்பைக் கேட்க வேண்டும். செம்பு கலந்த மலிவு வார்ப்புகள் பூச்சுக்கு அடியிலேயே பொரிந்துபோகும். திருகுக்கு 304 எஃகு போதாது; மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும். அதுவும் அலுமினியத்தை நேரடியாகத் தொட்டால், உப்புநீர் நடுவில் நின்று அலுமினியத்தை அரிக்கும் என்பதால் நைலான் வாஷர் அவசியம். உப்புத்தெளிப்புச் சோதனையில் ஆயிரம் மணிநேரம் தாங்கியதாகக் காட்டும் சான்றிதழும் தனியே போதாது: 35 டிகிரியில் இடைவிடாது தெளிக்கும் அந்த அறையில் வெயிலும் இல்லை, நனைந்து காயும் சுழற்சியும் இல்லை.

விலை கூடுகிறதே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் கெட்ட விளக்கை மாற்றுவதில் ஏணி வண்டியும் ஆள்கூலியும், அதுவரை கரையிறங்கும் மீனவர்கள் இருட்டில் நடப்பதும் அடங்கும்; குறைந்த ஒப்பந்தப்புள்ளியில் இவை எழுதப்படுவதில்லை. கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனால் உப்பு வேகமாகக் குறைவதால், எல்லாத் தெருவுக்கும் இந்தச் செலவு தேவையில்லை. கரையோரத்தில் எந்த விளக்கானாலும் நன்னீரால் கழுவ வேண்டும். பாம்பன் உள்ள ராமநாதபுரக் கரையில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோடு முடிகிறது. மற்ற மாதங்களில் உப்பு படிந்தபடியே கிடக்கும். மழை படாத அடிப்பக்கத்தில்தான் துரு முதலில் தொடங்கும் என்பதால், கழுவும்போது அந்தப் பக்கத்தைத் தவறவிடக் கூடாது.