மதியை விழுங்கிய பாம்பு

சைதாப்பேட்டையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள சிவாலயங்களுக்கு, செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்கு மேலோ வெள்ளிக்கிழமை முற்பகல் 10.30 மணிக்கு மேலோ செல்பவர்கள், எலுமிச்சம்பழத்தை இரண்டாக அரிந்து, சாற்றைப் பிழிந்து, உட்புறம் வெளியே வரும்படி தோலைத் திருப்பி, அதில் நெய் வார்த்துத் திரியிட்டுத் துர்க்கையின் முன் ஏற்றும் ஸ்திரீகளைக் காணலாம். ராகுகாலம் எனப்படும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அதிபதி, நவக்கிரக மேடையில் தென்மேற்கு மூலையில் நிற்கும் ராகு. மனித முகமும் சர்ப்ப சரீரமும் கொண்ட அவ்வுருவத்துக்கு மறுதலையாக, வடமேற்கில் நிற்கும் கேதுவுக்குப் பாம்பின் தலை.

இவ்விசித்திர வடிவத்துக்குப் புராணம் கூறும் காரணம் யாவரும் அறிந்ததே. பாற்கடலைக் கடைந்து எடுத்த அமிர்தத்தை மோகினி பங்கிடுகையில், தேவர் வரிசையில் வேஷம் பூண்டு அமர்ந்த ஓர் அசுரனைச் சூரிய சந்திரர் காட்டிக்கொடுக்க, அமிர்தம் கண்டத்தைத் தாண்டுமுன் சக்கராயுதம் அவன் தலையைத் துணித்தது. ராகுவாகிய சாகாத அத்தலை பழைய பகையைத் தீர்க்க அவ்விருவரையும் அவ்வப்போது விழுங்குகிறது. கழுத்துக்குக் கீழே உடல் இல்லாமையால் விழுங்கியது வெளியே வந்துவிடுகிறது.

ஆனால் இக்கதையில் இல்லாத பாம்பு அவ்வுருவத்தில் எங்கிருந்து வந்தது? ரிக்வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில், சுவர்பானு என்னும் அசுரன் சூரியனை இருளால் அடிக்கிறான். அத்திரி முனிவர் மீட்கிறார். அங்கே பாம்பு இல்லை. தமிழ்ச் சங்கப் பாடல்களிலோ, அமிர்தமும் மோகினியும் இன்றி, மதியை விழுங்கும் பாம்பே நேராக வருகிறது. காதலர் ஒரே ஒரு நாள் சந்தித்ததற்கு எழுந்த ஊர்ப்பேச்சைத் திருவள்ளுவர் பாம்பு பிடித்த திங்களுக்கு ஒப்பிடுகிறார் என்றால், கிரகணம் அக்காலத்தில் ஊரெல்லாம் வாய்விட்டுப் பேசும் சம்பவமாக இருந்திருக்க வேண்டும். வேத வழி வந்த இருளசுரனும் நாட்டார் கண்ட வானத்துப் பாம்பும் காலக்கிரமத்தில் ஓருருவாயின என்பதே என் கருத்து. நவக்கிரக மேடையில் காணும் அந்த ஒட்டுச் சரீரம் அச்சேர்க்கையின் அடையாளமாகவே எனக்குப் படுகிறது.

சாஸ்திரம் அறிந்தோர் இப்பாம்பை ஒருபோதும் ஐயுறவில்லை என்று எண்ணுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். கி.பி. 499இல் ஆரியபடர், சந்திரனைப் பூமியின் நிழலும் சூரியனைச் சந்திரனும் மறைப்பதே கிரகணம் என்று நிறுவினார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர், பிருகத்சம்ஹிதையில் இன்னும் கூர்மையாக வாதிட்டார்: சந்திர கிரகணம் கிழக்கு விளிம்பிலும் சூரிய கிரகணம் மேற்கு விளிம்பிலும் தொடங்குவதற்கு, நிழலும் சந்திரனும் அன்றி வேறு எது காரணமாக முடியும்? இவ்வளவு சொன்ன அவரே, கிரகண வேளையில் செய்யும் தானத்திலும் ஹோமத்திலும் ராகுவுக்குப் பங்குண்டு என்று பிரமன் வரமளித்ததாகச் சொல்லி, பாம்பின் மனமும் நோகாமல் பார்த்துக்கொண்டார். சமரசம் என்றால் இதுவல்லவோ சமரசம்!

உண்மையில் கணிதக்காரர்களுக்கும் ராகு தேவைப்பட்டான். சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்குச் சுமார் ஐந்து பாகை சாய்ந்து, இரண்டு இடங்களில் அதனை வெட்டுகிறது. அவ்விரு புள்ளிகளின் அருகே அமாவாசையோ பௌர்ணமியோ நேர்ந்தாலன்றிக் கிரகணம் இல்லை. அவற்றுக்கே ராகு, கேது என்று பெயரிட்டார்கள். மேல்நாட்டாரும் அவற்றை நாகத்தின் தலை என்றும் வால் என்றும் வழங்கினர். அப்புள்ளிகள் 18.6 ஆண்டுகளில் வானத்தைப் பின்னோக்கி ஒரு சுற்று வருவதால்தான் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை ராகு கேதுப் பெயர்ச்சி வருகிறது.

இக்கணிதம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. சைதாப்பேட்டைக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள பரங்கிமலை அடிவாரத்தில், 1802இல் லாம்டன் துரை நில அளவைக்கு அடிக்கோடு அளந்தபோது உடனிருந்தவர் ஜான் வாரன். பின்னர்ச் சென்னை வானாராய்ச்சி நிலையத்தையும் சில ஆண்டுகள் நடத்திய அவர், 1825இல் வெளியான ‘கால சங்கலிதம்’ என்னும் தம் நூலுக்காக நம்மவர் கணிதத்தை விசாரித்தார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், காகிதமும் எழுதுகோலும் இன்றித் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டு மே 31 இரவு நேர்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அவர் சொன்ன தொடக்கத்தில் 4 நிமிஷமும் நடுவில் 23 நிமிஷமும் முடிவில் 52 நிமிஷமுமே பிழை. தாம் பின்பற்றிய முறையின் உட்பொருள் அவருக்குத் தெரியாது. கிரகணம் பிடிக்கும் ஸ்பர்சமும் விடும் மோட்சமும் எப்போது என்று மட்டும் தெரியும்.

அன்றிரவு புதுச்சேரி வீடுகளில் வழக்கம்போல் ஊறுகாய் ஜாடியிலும் பாற்செம்பிலும் தர்ப்பை போட்டிருப்பார்கள். கர்ப்பிணிகளை வெளியே விட்டிருக்க மாட்டார்கள். தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு உலக்கையை நிறுத்திப் பார்த்திருப்பார்கள். அவர்கள் எழுந்து ஸ்நானம் செய்யவேண்டிய நேரத்தைச் சொன்னவர் அந்தச் சோழிக்காரரே.