மிதிவண்டியில் நாடு கடந்தவர்கள்

பங்காருப்பேட்டையில் கிளை பிரிந்து வரும் இருப்புப்பாதை மாரிகுப்பத்தில் முடிந்துவிடுகிறது. 1894-ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கங்களின் பொருட்டு இடப்பட்ட பாதை அது. அதன் நீளம் பதினாறு கிலோமீட்டர் அளவே ஆகும். சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்ட பிறகு அப்பாதையின் தொழில் மாறிவிட்டது. அன்று சுரங்கத்திற்குத் தொழிலாளரைக் கொணர்ந்த இரயில், இன்று விடியற்காலையில் அவர்களுடைய மக்களையும் பேரன்மாரையும் பெங்களூருக்கு வேலைக்கு அழைத்துச் சென்று, இரவில் கொண்டுவந்து சேர்க்கிறது. தங்கவயல் மக்களின் வாழ்வில் பயணம் என்பது பெரும்பாலும் வயிற்றுப்பாட்டை ஒட்டியதாகவே இருந்து வந்திருக்கிறது.

எவரும் அனுப்பாமல், கூலி எதையும் எதிர்பாராமல், ஒரு நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தன்னந்தனியாக மிதிவண்டியில் சென்றவர்களும் உண்டு. அவர்களுடைய வரலாற்றை நாம் அறிந்துகொள்வதால் என்ன பயன் என்று சிலர் வினவக்கூடும். ஊரைவிட்டு வெளிவந்து வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு அதில் பயன் உண்டு என்பதே நம் கருத்து. அதனைச் சிறிது விளக்குவோம்.

முதலில் தங்கவயலின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1802-ஆம் ஆண்டில் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினென்ட் ஜான் வாரன் என்பவர், இப்பகுதியில் பொன் கிடைக்கிறது என்ற ஊர்ப் பேச்சைக் கேள்வியுற்றார். மாரிகுப்பத்தை ஒட்டிய பழைய சுரங்கக் குழிகளைக் கண்டார். கிராமத்தார் மண்ணையும் பொடித்த கல்லையும் நீரில் அலசிப் பொன் எடுத்துக் காட்டினர். தாம் கண்டதை வாரன் எழுதி வைத்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, நியூஸிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூர்த் தண்டில் ஓய்வுற்றிருந்த மைக்கேல் லவெல் என்னும் ஐரிஷ்காரர் அக்கட்டுரையைப் படிக்க நேர்ந்தது. 1871-இல் அவர் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு ஏறக்குறைய அறுபது மைல் பயணம் செய்து இங்கு வந்து சேர்ந்தார். 1875-இல் சுரங்கம் தோண்டும் உரிமையும் பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். அதன் பின்னர் நடந்ததை நாம் அறிவோம்.

இங்கு ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். ஒருவர் தம் பயணத்தில் கண்டதை எழுதி வைத்தார். இன்னொருவர் அதைப் படித்துவிட்டுப் புறப்பட்டார். அதன் விளைவாக ஒரு நகரமே எழுந்தது. ஆனால் பொன்னை அலசிக் காட்டிய கிராமத்தாரின் பெயரை நாம் அறியோம். பயணத்திற்கு எத்துணை ஆற்றல் உண்டோ, அதைப் பதிந்து வைப்பதற்கும் அத்துணை ஆற்றல் உண்டு. மிதிவண்டிப் பயணிகளின் வரலாற்றிலும் இவ்வுண்மையைக் காண்கிறோம்.

ஒரு நாட்டை மிதிவண்டியில் தனியே கடந்தவர்களுள் முன்னோடி தாமஸ் ஸ்டீவன்ஸ் ஆவார். இங்கிலாந்தில் 1854-இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்; ஆகவே அவரும் ஊர்விட்டு ஊர் சென்று பிழைத்தவரே. 1884-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் ஸான்பிரான்சிஸ்கோவை விட்டுப் புறப்பட்டு, ஆகஸ்டு 4-ஆம் நாள் பாஸ்டன் நகரை அடைந்தார். கடந்த தொலைவு சுமார் 3,700 மைல். அவர் ஏறிச் சென்றது இன்று நாம் காணும் சைக்கிள் அன்று. முன்சக்கரம் மிகப் பெரியது. பின்சக்கரமோ மிகச் சிறியது. சங்கிலி கிடையாது. முன்சக்கரத்தின் அச்சிலேயே மிதிகட்டை பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் ஒரு கல்லில் தடுக்கினால் போதும். ஏறியவர் தலைகுப்புற முன்னே விழ வேண்டியதுதான்.

அவர் எடுத்துச் சென்ற மூட்டை மிகச் சிறியது: மாற்றுச் சட்டை, காலுறை, கூடாரமாகவும் பயன்படும் ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. சாலை இல்லாத இடங்களில் இருப்புப்பாதையின் வழியே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவர் நடந்தே கடந்ததாகக் கூறுவர். ஸியரா நெவாடா மலையில் பனியைத் தடுக்க இருப்புப்பாதையின் மேல் கட்டப்பட்ட நீண்ட மரக்கொட்டகைகளின் ஊடே சென்றபோது, இரயில் வரும் ஓசை கேட்டதும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். இரயில் வண்டியோடு பழகி வளர்ந்த நமக்கு அந்நிலை எத்தகையது என்று விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவோடு அவர் நிற்கவில்லை. 1885-இல் லிவர்பூலிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, ஐரோப்பா, துருக்கி, பாரசீகம் ஆகிய நாடுகளைக் கடந்தார். ஆப்கானிஸ்தானத்தில் திருப்பி அனுப்பப்பட்டமையால் கப்பலேறிக் கராச்சிக்கு வந்து, லாகூர் வரை இரயிலில் சென்று, அங்கிருந்து கல்கத்தா வரை நெடுஞ்சாலையில் மிதிவண்டியிலேயே சென்றார். 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகஹாமா துறைமுகத்தில் அவர் பயணம் முற்றுப்பெற்றது. பின்பு அதனை இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதி வெளியிட்டார்.

ஸ்டீவன்ஸ் பயணம் செய்துகொண்டிருந்த காலத்திலேயே மிதிவண்டி உருமாறத் தொடங்கிவிட்டது. 1885-இல் ஜே. கே. ஸ்டார்லி இரு சக்கரமும் ஏறத்தாழச் சம அளவுடையதாய், பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் வண்டியை அமைத்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொணர்ந்தார். கால் தரையை எட்டிற்று; குலுக்கல் குறைந்தது; விலையும் நாளடைவில் இறங்கிற்று. செல்வர்களின் விளையாட்டுப் பொருள் உழைப்பாளியின் ஊர்தியாயிற்று. நம் நாட்டில் 1949-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தோன்றியது. அதன் பின்னர்த் தமிழர் வீட்டுத் திண்ணையோரம் சைக்கிள் நிற்பது இயல்பான காட்சியாகிவிட்டது.

இந்தியர்களும் இத்துறையில் பின்தங்கியவர்கள் அல்லர். 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் பம்பாயிலிருந்து பார்ஸி இளைஞர் அறுவர் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கிம், ஜால் பாபசோலா, ரஸ்தம் பும்கரா ஆகிய மூவரே 1928-இல் பயணத்தை முடித்துத் திரும்பினர். அவர்கள் புறப்பட்ட சில மாதங்களில், 1924 ஜனவரியில், பிராம்ரோஸ் தாவர் என்னும் மற்றொரு பம்பாய் இளைஞர் தன்னந்தனியே கிளம்பினார். வியன்னாவில் அவருக்கு ஒரு துணை வாய்த்தது. இருவரும் ஸகாராப் பாலைவனத்தையும் கடந்தனர். 1931-இல்தான் அவர் பயணம் முடிவுற்றது.

நமக்கு மிகவும் நெருங்கியவர் என்று நாம் கருதுவது ராம்நாத் பிஸ்வாஸ் என்னும் வங்காளியரையே. ஸில்ஹெட் மாவட்டத்தில் பிறந்து, பிழைப்பின் பொருட்டுச் சிங்கப்பூருக்குச் சென்று வேலை பார்த்தவர் அவர். 1931 ஜூலையில் அங்கிருந்தே மிதிவண்டியில் புறப்பட்டார். மலேயா, சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான் என அவர் வழி நீண்டது. 1934-இல் ஆப்கானிஸ்தானம் வழியாக மேற்கு நோக்கிச் சென்றார். 1938-இல் ஆப்பிரிக்காவிற்குச் சென்றார். தாய்நாட்டை விட்டு வந்து கூலிக்கு உழைத்த ஒருவர், உழைத்த ஊரையே தம் பயணத்தின் தொடக்கமாக அமைத்துக்கொண்டார். அவருடைய பயண நூல்களை அச்சிட முதலில் பதிப்பாளர் முன்வரவில்லை. ஆதலால் தாமே ஒரு பதிப்பகம் தொடங்கி நூல்களை வெளியிட்டார். அவர் மறைந்தது 1955-இல்.

பெண்களும் இவ்வழியில் சென்றதுண்டு. அயர்லாந்தில் 1931-இல் பிறந்த டெர்வ்லா மர்பிக்குப் பத்தாம் பிறந்தநாளில் ஒரு சைக்கிளும் ஒரு தேசப்படப் புத்தகமும் பரிசாகக் கிடைத்தன. மிதிவண்டியிலேயே இந்தியாவுக்குச் செல்வேன் என்று அச்சிறுமி அடுத்த சில நாட்களிலேயே உறுதி பூண்டாள். ஆனால் பதினான்கு வயதில் படிப்பை விட்டு, நோயுற்ற தாய்க்குப் பணிவிடை செய்ய வேண்டியதாயிற்று. தாய் மறைந்த பின்னரே, 1963 ஜனவரியில், கடும் பனியில் தனியே புறப்பட்டார். ஆசியச் சாலைகளுக்கு ஒவ்வாது என்று வண்டியின் கியரையும் முன்கூட்டியே கழற்றிவிட்டார். அவ்வாண்டு ஜூலையில் டில்லி வந்து சேர்ந்தார். வந்தவர் உடனே திரும்பிவிடவில்லை. திபேத்திய அகதிக் குழந்தைகளிடையே தொண்டு செய்தார்.

இவர்களெல்லாம் தனியே சென்றவர்கள் என்று கூறுகிறோம். அவ்வாறு கூறுவது முழு உண்மை ஆகுமா? மிதிவண்டியில் செல்பவர் உணவையும் நீரையும் மிகுதியாக எடுத்துச் செல்ல இயலாது. சுமை கூடினால் ஏற்றத்தில் கால் சோரும். இறக்கத்தில் தடை பிடிக்காது. ஆகவே ஒவ்வொரு மாலையும் அவர் யாரோ ஒருவருடைய வாயிலில் நின்றாக வேண்டும். மொழி தெரியாத ஊரில் ஒரு செம்பு நீர், படுக்க ஓர் இடம், நாளைய வழி ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். சாலையை இட்டவர்களும், கதவைத் திறந்தவர்களும், பஞ்சரை ஒட்டிக் கொடுத்தவர்களும் இல்லையேல் எந்தத் தனிப் பயணமும் நிறைவேறியிராது. தனிப் பயணி பிறரை நம்பியே செல்கிறார். அவரிடம் நாம் காணும் துணிவில் ஒரு பாதி, முன்பின் அறியாதவர்மீது அவர் வைத்த நம்பிக்கையே ஆகும்.

நம் முன்னோர்களும் அந்நம்பிக்கையோடுதான் வந்தனர். வடார்க்காடு, சித்தூர், சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து சிலர் நடந்தும், சிலர் வண்டியிலும், சிலர் இரயிலிலும் தங்கவயல் வந்து சேர்ந்தனர். வந்தவர்கள் தரையில் செல்லும் வழியோடு நிற்கவில்லை. கூண்டிலேறிப் பூமிக்குள் இறங்கினர். சாம்பியன் ரீப் சுரங்கத்தில் அவ்வழி மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்து சென்றது. சமவெளியில் மிதிவண்டிக்காரர் கால் மணிக்குள் கடந்துவிடும் தொலைவுதான் அது. ஆனால் பாறை வெடிப்பும், சுட்டெரிக்கும் வெப்பமும், நுரையீரலை அரிக்கும் கல்தூசியும் நிறைந்த அத்தொலைவைக் கடந்து மீண்டவர்களுடைய பயணக் கட்டுரை எங்கே இருக்கிறது? ஸ்டீவன்ஸ் இரண்டு தொகுதி எழுதினார். பிஸ்வாஸ் பதிப்பகமே தொடங்கினார். நம் பாட்டனார் எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக, யாருடன் வந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் சொல்லக்கூடும்?

தமிழில் இத்தகைய முயற்சி இல்லாமலும் இல்லை. உலகம் சுற்றும் தமிழன் என்று பெயர் பெற்ற ஏ. கே. செட்டியார் தாம் கண்ட நாடுகளைப் பற்றி எழுதியதோடு அமையாது, பிறர் முன்பு எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். அவர் காட்டிய அவ்வழியில் நாமும் சிறிது தூரமேனும் செல்லலாம்.

மாரிகுப்பத்து இளைஞர் ஒருவர் மிதிவண்டியில் புறப்படுவதாக எண்ணிப் பார்ப்போம். தங்கவயலுக்கு நீர் தந்த பேத்தமங்கலம் ஏரிக்கு முதலில் செல்லட்டும். அங்கே அவர் பாலாற்றைச் சந்திப்பார். நந்திமலைப் பகுதியில் தோன்றும் அவ்வாறு கருநாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் கடலை அடைகிறது. பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் ஆறு அது. ஆயினும் அதன் கரையைப் பற்றிக்கொண்டு சென்றால் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று நம் முன்னோரில் பலர் விட்டுவந்த ஊர்கள் வரிசையாக வரும். மூன்று மாநில எல்லைகளை ஆறு கேளாமலே கடந்து செல்கிறது. அவ்வழியே செல்லும் இளைஞர் ஒவ்வோர் ஊரிலும் முதியோரைக் கண்டு, தங்கவயலுக்குப் போனவர்களைப் பற்றி வினவி எழுதிக்கொண்டு வருவாராயின், அது ஸ்டீவன்ஸின் பயணத்திற்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

எல்லோரும் மிதிவண்டி ஏற வேண்டும் என்று நாம் கூறவில்லை. பம்பாயிலோ, டில்லியிலோ, கல்கத்தாவிலோ, தங்கவயலிலோ வாழும் தமிழர் நாம் இரண்டு காரியங்களைச் செய்யலாம். நம் வீட்டு முதியவர் உள்ளபோதே அவர் வந்த வழியைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் தேதியும் ஊர்ப்பெயரும் விடாமல் எழுதி வைக்கலாம். அடுத்து, மொழி தெரியாத வழிப்போக்கன் ஒருவன் மாலையில் நம் வாயிலில் வந்து நின்றால், நாமும் அவ்வாறு நின்றவர்களின் மரபில் வந்தவர்கள் என்பதை நினைந்து, அவனுக்கு நீரும் இடமும் நல்கலாம். முன்னதனால் நாம் வந்த வழி நம் மக்களுக்குத் தெரியும். பின்னதனால் இனி வருபவர்களுக்கு வழி எளிதாகும்.